டாப்சிலிப்

கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆனைமலைத் தொடரில், பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 37 கி.மீ. தொலைவில், கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 740 மீட்டர் உயரத்தில் அமைந்த சிறு வனக் குடியிருப்பு டாப்சிலிப். சேத்துமடை சோதனைச்சாவடியைக் கடந்து பரம்பிக்குளம் செல்லும் சாலை இதன் வழியே போகிறது. காடர், மலசர், மலைமலசர் முதலிய பழங்குடியினர் இம்மலைகளின் தொன்மையான குடிகள். நெடுமரங்களில் மூங்கில் முளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அறைந்து, அவற்றையே படிகளாகக் கொண்டு காடர் ஏறித் தேன் எடுப்பதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியான தம் நூலில் பதிவுசெய்துள்ளார்.

பம்பாய்க் கப்பல் தளத்திற்கான தேக்கு வெட்டும் பணியை 1848 முதல் மைக்கேல் என்னும் படை அதிகாரி இங்கு நடத்தினார். யானைகள் இழுத்துவந்த தடிகள் மலைவிளிம்பிலிருந்து சரிவில் சறுக்கிவிடப்பட்டதால் டாப்சிலிப் என்னும் பெயர் ஏற்பட்டது என்பர்.

வரைமுறையின்றி வெட்டப்பட்டு மெலிந்த இக்காட்டின் பொறுப்பு 1910களின் நடுப்பகுதியில் வன அதிகாரி ஹியூகோ வுட்டிடம் வந்தது. ‘கூப்பு’ எனப்படும் வெட்டுப்பகுதிகளாகக் காட்டைப் பிரித்து, முறைவைத்து மரம் வெட்டி, நிற்கும் அடிக்கட்டைகளிலிருந்து மறுதளிர் வளரவிடும் முறையை அவர் புகுத்தினார். கூடவே புதிய தேக்கும் நடப்பட்டது. நடக்கும்போதெல்லாம் கைத்தடியால் மண்ணில் குழியிட்டுப் பையிலிருந்த விதைகளை அவர் போட்டுவந்ததாக வழங்கும் செய்தி அழகியது. ஆயினும் இத்தனை பரப்பில் தேக்கு எழுந்ததற்குப் பெயர் பதிவாகாத பழங்குடி உழைப்பாளர்களின் கைகளும் காரணமாயிருந்திருக்க வேண்டும். 1933இல் குன்னூரில் காலமான வுட், தம் விருப்பப்படி இத்தேக்குகளிடையே அடக்கம் செய்யப்பட்டார். தம் நினைவுச்சின்னத்தைத் தேடுவோரைச் சுற்றிலும் பார்க்கச் சொல்லும் லத்தீன் வாசகம் கல்லறையில் உள்ளது. லண்டன் புனித பால் பேராலயத்தில் அதைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னுக்கும் இதே வாசகம்தான் பொறிக்கப்பட்டுள்ளது. அங்கே சுற்றிலும் இருப்பது கல், இங்கே இலையுதிர்க்கும் மரம்.

தடியிழுத்த யானைகளின் மரபு அருகிலுள்ள கோழிகமுத்தி முகாமில் தொடர்கிறது. காட்டுயானைகளை அடக்கப் பழக்கப்பட்ட ‘கும்கி’களுள் புகழ்பெற்ற கலீம் 2023இல் ஓய்வுபெற்றபோது வனத்துறையினர் அணிவகுத்து மரியாதை செலுத்தினர். இக்காட்டில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியே ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதையின் நாயகர்.

இப்பகுதி 1976இல் சரணாலயமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. வனத்துறை வண்டிகளில் காட்டுலாவும், வழிகாட்டிகளுடன் மலைநடையும் நடைபெறுகின்றன.