நரம்பும் நாணும்: தமிழகத்தில் தசைநாண் நோய் குறித்த புரிதலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். அதில் ஏற்படும் காயமும் வலியும் தமிழ்ப் பேச்சுவழக்கில் நரம்பு, வாயு, சுளுக்கு என்னும் பெயர்களுள் அடங்கிவிடுகின்றன. இப்பெயரீட்டின் வரலாற்றையும் சிகிச்சையில் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தசைநாண், நரம்பு, வாதம், தொக்கணம், பால் பிராண்ட்

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த வத்திராயிருப்பு, நெல்லும் தென்னையும் விளையும் ஊராகும். சதுரகிரிக்குச் செல்வோர் இவ்வூர்ப் பகுதியிலுள்ள தாணிப்பாறையிலிருந்தே மலையேறுகின்றனர். நாற்று நடுவோர்க்கும் மரமேறுவோர்க்கும் மலையேறுவோர்க்கும் பொதுவானவை தோள், முழங்கால், குதிகால் வலிகள். இவ்வலிகளுக்கு மக்கள் இட்ட பெயரே அவற்றிற்குத் தேடிய மருத்துவத்தையும் தீர்மானித்துள்ளது.

சொல்லின் வரலாறு

சங்க இலக்கியத்தில் யாழின் தந்தி ‘நரம்பு’ எனப்பட்டது. உடலில் கயிறுபோல் புடைத்துத் தெரியும் அனைத்தையும் அச்சொல்லே குறித்தது. இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கத்தில் ‘நியூரான்’ என்னும் சொல் தொடக்கத்தில் தசைநாணையும் வில்லின் நாணையுமே சுட்டியது. உணர்வையும் இயக்கத்தையும் கடத்தும் நரம்பு வேறு என்பதைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் எரோபிலசு அறுத்துப் பார்த்து உணர்ந்த பின்னரே பொருள் பிரியத் தொடங்கியது. தமிழில் உடற்கூற்றியல் நூல்கள் 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் சாமுவேல் பிஸ்க் கிறீன் முயற்சியால் அச்சேறின. ஆயினும் பேச்சுவழக்கில் தசைநாண் வலி இன்றும் ‘நரம்பு இழுக்கிறது’ என்றே சொல்லப்படுகிறது.

சித்த மருத்துவமும் நாட்டு வழக்கும்

சித்த மருத்துவம் இவ்வலிகளை வாதத்தின் கீழ் வகைப்படுத்தியது. யூகி வைத்திய சிந்தாமணி 80 வாத நோய்களைக் கூறுகிறது. புறமருத்துவ முறைகளுள் ஒன்றான தொக்கணம் தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் உள்ளிட்ட ஒன்பது வகைப்படும். கொதிக்கவைத்த புளி உப்புப் பற்று, நொச்சியிலை ஒற்றடம், முட்டை வெண்கருவும் உளுந்து மாவும் சேர்த்த கட்டு ஆகியன நாட்டு வழக்கில் நிலைத்தன. காலால் பிறந்தவர் மிதித்தால் முதுகுச் சுளுக்கு நீங்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. வெப்பமும் மென்மையான அசைவும் வலியைத் தணிப்பதுண்டு. ஆனால் நாண் அறுந்த நிலையையும் வெறும் பிடிப்பையும் ‘சுளுக்கு’ என்ற ஒரே சொல் வேறுபடுத்துவதில்லை. அறுந்த நாணை உருவிவிடுவதால் அது இணைவதில்லை, காலந்தான் வீணாகிறது.

வேலூரில் தெளிந்த வேறுபாடு

இவ்வேறுபாடு தமிழகத்தில் தெளிவாகப் புலப்பட்ட இடம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946இல் அங்குப் பணியேற்றார். தொழுநோயாளரின் விரல்கள் தசை அழுகியதால் மடங்கிக் கிடக்கவில்லை, நரம்பு செயலிழந்ததால்தான் மடங்கின என்பதை அவர் உணர்ந்தார். நரம்பு கெட்ட கையிலும் நல்ல தசைகளும் நாண்களும் எஞ்சியிருந்தன. ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு நாண்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை வேறிடத்தில் தைத்து, இழந்த அசைவை மீட்கும் அறுவையை அவர் 1948 முதல் மேற்கொண்டார். இடம் மாறிய நாண் தன் புதிய பணியைக் கற்கப் பயிற்சி தேவைப்பட்டது. எனவே இயன்முறை மருத்துவம் அறுவைக்கு இணையான இடம் பெற்றது. வலியுணர்வு இழந்தோரின் கைகள் தாமறியாத காயங்களால் சிதைவதைக் கண்ட பிராண்ட், வலியை உடலின் காவல் என்றே கருதினார்.

அழற்சியிலிருந்து சிதைவுக்கு

நாட்பட்ட நாண் வலி அழற்சியே என்று மேலை மருத்துவமும் நெடுங்காலம் கருதியது. நுண்ணோக்கி ஆய்வுகள் அங்கு அழற்சியைவிடக் கொலாஜன் இழைகளின் ஒழுங்குக் குலைவே மிகுதி எனக் காட்டின. 1998இல் சுவீடனைச் சேர்ந்த ஆல்பிரட்சன் குழுவினர், குதிகால் நாண் வலியுற்ற 15 பேரை, குதிகாலை மெல்லத் தாழ்த்தும் பயிற்சியில் 12 வாரம் ஈடுபடுத்தினர். அறுவைக்குக் காத்திருந்த அவர்கள் மீண்டும் ஓடினர். முழு ஓய்வு நாணை மேலும் தளர்த்தும், அளவறிந்த சுமை அதனைத் தேற்றும் என்ற கருத்து இதன்பின் வலுப்பெற்றது.

முடிவுரை

பெயர் பிரியாத நோய்க்கு மருந்தும் பிரிவதில்லை. திடீரெனக் கையைத் தூக்க இயலாமையும், நுனிக்காலில் நிற்க இயலாமையும் நாண் அறுந்ததன் அடையாளங்களாகலாம். அவற்றிற்கு உடனடி அறுவை மருத்துவரின் ஆய்வு தேவை. மெல்ல வளர்ந்த வலிக்குப் படிப்படியான பயிற்சி பயன்தரும். உடலுழைப்பையே முதலாகக் கொண்ட வத்திராயிருப்பு போன்ற ஊர்களில், நரம்பு வேறு, நாண் வேறு என்ற தெளிவு உழைப்பாளி தன் தொழிலுக்குத் திரும்புவதைத் தீர்மானிக்கக்கூடியது. ‘தசைநாண்’ என்னும் சொல் பாடநூலிலிருந்து பேச்சுவழக்கிற்கு வருவது அதற்கு முதற்படியாகும்.