கதிர்வீச்சுச் சிகிச்சையில் புற்றுக்கட்டியின் எல்லை வரைதல்

கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கும் முன், கதிர் எங்கே பட வேண்டும் என்பதை மருத்துவர் ஸ்கேன் படங்களின் மேல் கோடாக வரைகிறார். இதுவே எல்லை வரைதல் எனப்படும். ஒரே நோயாளியின் ஒரே படத்தைப் பல மருத்துவர்களிடம் கொடுத்தால், அவர்கள் வரையும் கோடுகள் ஒன்றுபோல் அமைவதில்லை.

வில்லெம் ராண்ட்கன் 1895-இல் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டிலேயே புற்றுநோய்க்கு அவற்றைப் பயன்படுத்தும் முயற்சிகள் தொடங்கின. பின்னர் பல பத்தாண்டுகளுக்கு, கையால் தொட்டுப் பார்த்தும் எலும்புகளை அடையாளமாகக் கொண்டும் கதிர் படவேண்டிய பரப்பைக் குறித்தார்கள். பரப்பு அகலமாக இருந்ததால், மருத்துவருக்கு மருத்துவர் சிறிது மாறினாலும் கட்டி பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். அருகிலுள்ள நல்ல உறுப்புகளும் சேர்ந்து வெந்தன என்பது வேறு கதை.

1971-இல் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தது. உடலை அடுக்கடுக்காகப் பார்க்க முடிந்ததும் கட்டியையும் அடுக்கடுக்காக வரைய முடிந்தது. கணினித் திட்டமிடல் வளர்ந்த பிறகு கதிர்க்கற்றையே கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப வளைந்தது. கருவி மில்லிமீட்டர் சுத்தமாக வேலை செய்யும். ஆனால் வரைந்த கோட்டைத்தான் பின்பற்றும். கோடு தவறினால், தவறிய இடத்தையே துல்லியமாகத் தாக்கும்.

ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனத்தார் இதை அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர்கள். 1999-இல் வெளியான அவர்களது ஆய்வில், சி.டி. படத்தில் வரைந்த புராஸ்டேட் சுரப்பி, எம்.ஆர்.ஐ. படத்தில் வரைந்ததைவிடச் சராசரியாக 1.4 மடங்கு பெரிதாக இருந்தது. சுரப்பி ஒன்றுதான், அதைக் காட்டும் படம் மாறியது.

நுரையீரல் புற்றுநோயில் நிலைமை இன்னும் கடினம். கட்டி மூச்சுக்குழலை அடைத்தால் அதற்கு அப்பாலுள்ள நுரையீரல் காற்றிழந்து சுருங்கிவிடும். சி.டி. படத்தில் சுருங்கிய பகுதிக்கும் கட்டிக்கும் வேறுபாடு தெரிவதில்லை. நெதர்லாந்தில் 11 மருத்துவர்கள் 22 நோயாளிகளின் கட்டிகளை வரைந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. சி.டி. மட்டும் பார்த்து வரைந்தபோது வேறுபாட்டின் திட்ட விலக்கம் 1 செ.மீ.; சர்க்கரையை மிகுதியாக உறிஞ்சும் திசுக்களைக் காட்டும் பெட் ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்தபோது அது 0.4 செ.மீ. ஆகக் குறைந்தது. மருத்துவர்கள் அவர்களேதான். ஆகவே வேறுபாடு முழுவதையும் திறமைக் குறைவு என்று சொல்லிவிட முடியாது.

கட்டுரை வினாவுக்கு இரண்டு தேர்வாளர்கள் இருவேறு மதிப்பெண் இடுவது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பழகிய ஒன்று. விடைக்குறிப்பு இருந்தால் இடைவெளி குறையும். இத்துறையிலும் அப்படியொரு குறிப்பு தேவைப்பட்டது. கதிர்வீச்சு அலகுகளுக்கான பன்னாட்டு ஆணையம் 1993-இல் வெளியிட்ட 50-ஆம் அறிக்கை, ஒன்றினுள் ஒன்றாக மூன்று எல்லைகளை வரையறுத்தது. முதலாவது, படத்தில் தெரியும் கட்டி. இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாமல் நோய் பரவியிருக்கக்கூடிய இடத்தையும் சேர்த்தது. மூன்றாவது, மூச்சினாலும் படுக்கும் நிலையினாலும் ஏற்படும் அசைவுக்கு இடம் விட்டது. இரண்டாவதுதான் சிக்கலானது. காணாததை ஊகித்து வரைய வேண்டும். கழுத்து நிணநீர்க் கணுக்களை எப்படி வரைவது என்பதில் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழுக்கள் 2003-இல்தான் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன.

இது படத்தோடு முடியும் விவகாரம் அன்று. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான ஒரு பன்னாட்டுச் சோதனையின் சிகிச்சைத் திட்டங்களை ஆராய்ந்த முடிவு 2010-இல் வெளியானது. திட்டம் தொடக்கத்திலிருந்தே நெறிமுறைப்படி அமைந்தவர்களில் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 70 விழுக்காட்டினர் உயிரோடிருந்தனர். பெருங்குறை உள்ள திட்டத்தின்படி சிகிச்சை பெற்றவர்களில் 50 விழுக்காட்டினரே. எல்லையைத் தவறாக வரைந்தது அக்குறைகளுள் ஒன்று.

இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் முதல் கோட்டைச் சில நிமிடங்களில் வரைந்து தருகின்றன. அவற்றுக்குப் பாடமாகக் கொடுக்கப்பட்டவை மருத்துவர்கள் முன்பு வரைந்த கோடுகளே. அதனால் மென்பொருள் தரும் கோட்டை மருத்துவர் ஒவ்வொரு அடுக்காகப் பார்த்துத் திருத்திய பின்னரே சிகிச்சைக்கு ஒப்புதல் அளிக்கிறார்.