சேர்த்தலும் சேர்த்துக்கொள்ளுதலும்: சிற்றூர்த் தொடக்கப் பள்ளிச் சேர்க்கையின் வரலாறு

1. முன்னுரை

குழந்தை பள்ளிக்குள் அடியெடுத்து வைக்கும் நிகழ்ச்சியைத் தமிழ் மூன்று வகைத் தொடர்களால் உணர்த்துகிறது. 'தந்தை பையனைப் பள்ளியில் சேர்த்தார்' என்பது ஒன்று. 'தலைமையாசிரியர் பையனைச் சேர்த்துக்கொண்டார்' என்பது மற்றொன்று. 'பையன் பள்ளியில் சேர்ந்தான்' என்பது மூன்றாவது. முதல் தொடரில் வினைமுதல் பெற்றோர், குழந்தை செயப்படுபொருள். இரண்டாவதில் 'கொள்' என்னும் துணைவினை வினைமுதலின் இடத்தைப் பள்ளிக்கு மாற்றிவிடுகிறது. மூன்றாவது தன்வினை, அதில் குழந்தையே வினைமுதல்.

'சேர்க்கை' என்னும் தொழிற்பெயர் இம்மூன்றையும் ஒன்றாக்கி, சேர்ப்பவர் யார் என்பதை மறைத்துவிடுகிறது. 'மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது' என்னும் அறிவிப்பைப் படிப்பவர், அங்கே விரும்பித் தேர்பவர் யார், மறுக்கும் உரிமை உடையவர் யார் என்பதை அத்தொடரிலிருந்து அறிய இயலாது. இந்தியச் சிற்றூர்ப் பள்ளிகளின் இருநூறு ஆண்டு வரலாறு, இவ்வினைமுதல் இடம் பெற்றோரிடமிருந்து பள்ளிக்கும், பள்ளியிடமிருந்து குழந்தைக்கும் பெயர்ந்த வரலாறே ஆகும். சென்னை மாகாணச் சான்றுகளையும் பின்னர் எழுந்த இந்தியச் சட்டங்களையும் கொண்டு அதனை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

2. திண்ணைப் பள்ளி: பெற்றோரின் தேர்வு

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் உள்நாட்டுக் கல்வி பற்றிய விவரங்களைக் கோரினார். அவற்றின் தொகுப்பின்மேல் 1826 மார்ச்சு 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் பள்ளிகளும் கல்லூரிகளுமாக 12,498 இருந்தன; பயின்றோர் 1,88,650 பேர். சராசரியாக ஒரு பள்ளிக்குப் பதினைந்து மாணவர் என்பது இவ்வெண்களால் புலனாகும். இன்று 'சிறு பள்ளி' எனக் கருதப்படும் அளவே அன்று பள்ளியின் இயல்பான அளவாக இருந்தது.

பெல்லாரி ஆட்சியர் காம்பெல் 1823 ஆகஸ்டில் அளித்த அறிக்கை, சேர்க்கை நிகழ்ந்த முறையையும் விவரிக்கிறது. குழந்தைக்கு ஐந்து வயது நிரம்பியதும் பெற்றோர் ஆசிரியரையும் மாணவரையும் தம் வீட்டிற்கு அழைப்பர். பிள்ளையார் உருவத்தைச் சுற்றி அனைவரும் அமர்வர். ஆசிரியர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதச் செய்வார். பெற்றோர் தம் வசதிக்கேற்ப அளிக்கும் அன்பளிப்புடன் விடைபெறுவார். மறுநாள் காலையில் குழந்தையின் கல்வி தொடங்கும். தமிழகத்து வித்தியாரம்பச் சடங்கும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

இவ்வமைப்பில் பள்ளிதான் முதலில் வீட்டிற்கு வருகிறது என்பது கருதத்தக்கது. ஆசிரியரைத் தேர்பவரும் அவருக்கு ஊதியம் தருபவரும் பெற்றோர். ஆகவே 'சேர்த்தார்' என்னும் பிறவினை அக்காலச் சமூக உண்மைக்கு முற்றும் பொருந்தியது. பெற்றோர் தேர்ந்தது மொழியையும் உள்ளடக்கியது. பெல்லாரி மாவட்டத்திலிருந்த 533 பள்ளிகளுள் கன்னடப் பள்ளிகள் 235, தெலுங்குப் பள்ளிகள் 226, மராத்திப் பள்ளிகள் 23, வடமொழிப் பள்ளிகள் 23, பாரசீகப் பள்ளிகள் 21, தமிழ்ப் பள்ளிகள் 4, ஆங்கிலப் பள்ளி 1 எனக் காம்பெல் பகுத்துக் காட்டுகிறார்.

எனினும் இத்தேர்வு எல்லார்க்கும் உரியதாக இருக்கவில்லை. மாகாணத்தில் பயின்ற 1,88,650 பேருள் பெண்கள் ஏறத்தாழ 4,500 பேரே. தேர்வதற்கு வேண்டிய பொருளும் குன்றிவந்தது. இங்கிலாந்துத் துணியின் வரவால் நெசவு முதலிய தொழில் செய்வோர் நலிந்ததையும், நாட்டின் வறுமை பெருகியதையும், அதனால் பெற்றோர் கல்விக்குச் செலவிட இயலாமற் போனதையும் காம்பெல் தம் அறிக்கையிலேயே ஒப்புக்கொள்கிறார்.

3. பதிவேடும் மறுப்பும்

1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து கல்வித் துறையும் உதவிநிதி முறையும் அமைந்தன. நிதி பெறும் பள்ளி ஆய்வாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. வருகைப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு, ஒரு பள்ளியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவோர்க்கான சான்று ஆகியவை பள்ளி வாழ்வின் பகுதிகளாயின. அரிசியில் எழுதிய விரலால் தொடங்கிய கல்வி, பதிவேட்டில் தலைமையாசிரியர் எழுதும் வரிசை எண்ணால் தொடங்கலாயிற்று. வினைமுதல் இடம் பள்ளிக்குப் பெயர்ந்தது. ஆங்கிலத்தில் 'அட்மிட்' என்னும் வினைக்கு உள்ளே விடுபவரே எழுவாய். விடுபவருக்கு விடாதிருக்கும் உரிமையும் உண்டு என்பது அச்சொல்லின் உட்கிடை. பழைய அலுவல் தமிழில் வழங்கிய 'அனுமதி' இவ்வுட்கிடையைத் தெளிவாகவே காட்டியது.

இம்மறுப்புக்கு முதலில் ஆளானோர் ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகள். கோயில் மண்டபத்திலோ அக்கிரகாரத்திலோ ஊர்ச் சாவடியிலோ பள்ளி நடந்தபோது, 'சேர்க்க இயலாது' என்று எவரும் வாய் திறந்து கூற வேண்டிய தேவையே எழவில்லை. பள்ளி இருந்த இடமே அதனைக் கூறியது. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் ஒடுக்கப்பட்டோர் நிலை குறித்து 1891இல் எழுதிய குறிப்புக்குப்பின், 1893இல் சென்னை அரசு அவர்தம் கல்விக்கென ஆணை பிறப்பித்தது. தனிப் பள்ளிகளுக்கு ஊக்கம் கிடைத்தது. ஆயின் பொதுப் பள்ளியின் கதவு அதனால் உடனே திறந்துவிடவில்லை.

மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 'ஊர்' என்னும் சொல் மக்கள் வழக்கில் 'சேரி'யை நீக்கிய குடியிருப்பையே பெரிதும் குறித்தது. 'ஊர்ப் பள்ளி' என்னும் தொடர் அக்காலச் சூழலில் எல்லார்க்கும் பொதுவான பள்ளி என்று பொருள்படாது. 'கிராமப் பள்ளி' என்பது நிருவாகச் சொல். அது வருவாய்க் கிராமம் முழுவதையும் தழுவும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு பெயர்த்தால், அரை நூற்றாண்டுப் போராட்டம் ஒன்று மொழிபெயர்ப்பில் மறைந்துபோகும்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 29(2)ஆம் உறுப்பு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் கல்வி நிலையத்தில் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு சேர்க்கை மறுத்தலைத் தடை செய்தது. சாதியோடு மொழியும் அங்கு வைத்து எண்ணப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது.

4. அகவையும் ஆவணமும்

சேர்க்கைப் பதிவேட்டின் கட்டங்களுள் பிறந்த நாளுக்குரிய கட்டம் தனி வரலாறு உடையது. பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் சிற்றூர்களில் பரவாத காலத்தில், குழந்தை வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக் காதைத் தொடுமாயின் அதற்கு ஐந்து வயது ஆயிற்று எனக் கொண்டனர். கை எட்டினால் பள்ளி. எட்டாவிடின் அடுத்த ஆண்டு. பெற்றோர் பிறந்த நாளை மழையையோ திருவிழாவையோ கொண்டு நினைவுகூர்ந்தனர். தலைமையாசிரியர் பள்ளி திறக்கும் பருவத்தை ஒட்டி ஒரு நாளைப் பதிவேட்டில் எழுதினார். ஒரு தலைமுறையினர் பலரின் பிறந்த நாள் மே, ஜூன் மாதங்களில் அமைந்திருப்பதற்கு இதுவே காரணம். அவ்வாறு எழுதப்பட்ட நாளே பின்னர்ப் பணிப் பதிவேட்டிலும் ஓய்வுபெறும் ஆணையிலும் சென்று நின்றது.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. அதன் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2023 அக்டோபர் 1 முதல் பிறப்போர்க்குக் கல்வி நிலையச் சேர்க்கையில் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழே ஆவணமாகும். அதே வேளையில், வயதுச் சான்று இன்மையால் எக்குழந்தைக்கும் பள்ளியில் சேர்க்கை மறுக்கலாகாது என 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறுகிறது. முன்னது எது சான்று என்பதை வரையறுக்கிறது; பின்னது சான்றில்லாத குழந்தையைக் காக்கிறது. சிற்றூர்ப் பள்ளியின் வாயிலில் நிற்கும் புலம்பெயர் தொழிலாளியின் குழந்தைக்கு இவ்வேறுபாடே முதன்மையானது.

5. தாய்மொழிக் கட்டம்

பதிவேட்டில் மொழியியலாளர் கருத்துக்குரிய கட்டம் தாய்மொழி. 1949 ஆகஸ்டில் நடந்த மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, ஒரு தாய்மொழியைச் சேர்ந்த மாணவர் பள்ளியில் 40 பேர் அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருப்பின், தொடக்க நிலையில் அம்மொழியில் கற்பிக்க ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்னும் முடிவை மேற்கொண்டது. 1956இல் சேர்க்கப்பட்ட 350அ உறுப்பு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய முயலும் கடமையை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் விதித்தது.

ஆகவே தாய்மொழிக் கட்டத்தில் எழுதப்படும் ஒரு சொல் வெறும் விவரம் அன்று. ஆசிரியர் பணியிடம் ஒன்றைத் தோற்றுவிக்கவோ தடுக்கவோ வல்லது. வீட்டில் ஒரு மொழியும் தெருவில் மற்றொரு மொழியும் பேசும் எல்லைப்புறக் குழந்தைக்கு எதனை எழுதுவது? தந்தையைக் கேளாமல் பள்ளியின் பயிற்று மொழியையே எழுதிவிட்டால், பத்து என்னும் எண் எட்டப்படாமலே போகலாம். முப்பது குழந்தைகள் மட்டுமே உள்ள மலைச் சிற்றூர்ப் பள்ளியில் நாற்பது என்னும் அளவை எத்தாய்மொழியும் எட்ட வழியில்லை. எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட காப்பு, சிறு மொழிக்கும் சிறு பள்ளிக்கும் ஒருங்கே எட்டாததாயிற்று.

6. கட்டாயம் யார்மேல்?

1920ஆம் ஆண்டுச் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் கட்டாயக் கல்வியை உள்ளாட்சிப் பகுதிகளில் நடைமுறைப்படுத்த வழி செய்தது. அங்குக் கட்டாயம் என்பது குழந்தையை அனுப்பத் தவறும் பெற்றோர்மேல் விழுந்தது. ஆயினும் வயலுக்கோ மாடு மேய்க்கவோ செல்லும் குழந்தையைச் சட்டத்தால் மட்டும் பள்ளிக்குக் கொணர இயலவில்லை. காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், பசியே சேர்க்கைக்குத் தடை என்பதை உணர்ந்து எழுந்தது.

2002ஆம் ஆண்டின் 86ஆம் திருத்தம் 21அ உறுப்பைச் சேர்த்து, ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதன்வழி வந்த 2009ஆம் ஆண்டுச் சட்டம் 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. 'கட்டாயக் கல்வி' என்னும் தொடருக்கு அதன் 8ஆம் பிரிவு தரும் விளக்கம் குறிப்பிடத்தக்கது. சேர்க்கை, வருகை, நிறைவு ஆகியவற்றை உறுதி செய்ய வேண்டிய கட்டாயம் அரசுமேல் வைக்கப்பட்டுள்ளது. தொண்ணூறு ஆண்டுக்குள் அதே சொல்லின் வினைமுதல் மாறிவிட்டது.

இச்சட்டத்தின்கீழ் சேர்க்கைக்கெனக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு செய்யும் எவ்வகைச் சோதனையும் கூடாது; நன்கொடை பெறலாகாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாழ்த்தமாவது காரணமாகச் சேர்க்கையைத் தள்ளிப்போடலாகாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் மறுக்கலாகாது. பள்ளி செல்லாதிருந்த குழந்தை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ந்து தனிப்பயிற்சி பெறும். தொடக்கப் பள்ளியில் அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் இருத்தல் வேண்டும். மைய அரசின் மாதிரி விதிகள் ஐந்தாம் வகுப்பு வரையிலான பள்ளி ஒரு கிலோமீட்டர் நடைத் தொலைவுக்குள் அமைய வேண்டும் என்கின்றன. சிற்றூர்ப் பள்ளியைத் தேரும் பெற்றோர் கேட்டறிய வேண்டியவை பெரும்பாலும் இவற்றுள் அடங்கும்.

ஆயினும் புதிய இடர் ஒன்று எழுந்துள்ளது. குழந்தைகள் குறைந்த பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு இணைக்கும் போக்கு பல மாநிலங்களில் தோன்றியது. 2014இல் ராஜஸ்தானில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் இவ்வாறு இணைக்கப்பட்டன. சேர்க்கை குறைந்தமையால் பள்ளி மூடப்படுகிறது. பள்ளி தொலைவானமையால் சேர்க்கை மேலும் குறைகிறது.

7. மொழிபெயர்ப்பு நோக்கு

இங்குச் சொல் ஒன்றன் மயக்கம் கொள்கையையே பாதிக்கக் காணலாம். ஆங்கிலத்தில் 'அட்மிஷன்' என்பது நுழைவு என்னும் செயல்; 'என்ரோல்மென்ட்' என்பது பதிவேட்டில் உள்ளோர் தொகை. தமிழில் இரண்டும் 'சேர்க்கை'. 'சேர்க்கை குறைந்தது' என்றால் இவ்வாண்டு புதிதாக வந்தோர் குறைந்தனரா, மொத்த மாணவர் குறைந்தனரா என்பது விளங்காது. ஓராண்டின் முதல் வகுப்பு வரவை மொத்த எண்ணிக்கையாகக் கொள்வது சிறு பள்ளிக்கு உயிர்ப் பகை. செயலைச் 'சேர்க்கை' என்றும், தொகையைப் 'பதிவு எண்ணிக்கை' என்றும் பிரித்து வழங்குதல் நன்று.

இரண்டாவது, செயப்பாட்டுவினை. 'சேர்க்கை மறுக்கப்படலாகாது' என்னும் பெயர்ப்பு ஆங்கில மூலத்தின் வினைமுதலற்ற அமைப்பை அப்படியே தருகிறது. எனினும் ஆணை யாருக்கு என்பதைக் கூறவில்லை. 'எப்பள்ளியும் எக்குழந்தையையும் சேர்த்துக்கொள்ள மறுக்கலாகாது' என்பது தமிழ் இயல்புக்கு ஏற்றது. கடமைப்பட்டவரையும் உரிமை உடையவரையும் ஒருங்கே காட்டுவது.

8. முடிவுரை

திண்ணைப் பள்ளியில் பெற்றோர் சேர்த்தனர். ஏழைக்கும் பெண்ணுக்கும் அவ்வாய்ப்பு அரிதாயிற்று. பதிவேட்டுக் காலத்தில் பள்ளி சேர்த்துக்கொண்டது. சேரியிலிருந்து வந்தவனுக்கு மறுத்தது. இன்றையச் சட்டம் குழந்தையைச் சேர்பவனாக, சேர்பவளாக நிறுத்துகிறது. 'சேர்ந்தான்' என்னும் எளிய தன்வினை சட்ட நூலில் இடம்பெற இருநூறு ஆண்டுகள் ஆயின. அத்தன்வினை சிற்றூரில் மெய்யாக வேண்டுமெனில், குழந்தையின் நடைத் தொலைவில் ஒரு பள்ளியும், அப்பள்ளியின் பதிவேட்டில் அதன் பெயரையும் மொழியையும் கேட்டு எழுதும் ஓர் ஆசிரியரும் இருத்தல் வேண்டும்.