அடுத்த கையின் கண்காணிப்பு: பெங்களூரு ரயில் தபாலும் ஹெட் சார்ட்டரும்

ஓடுகிற ரயிலில் இரவு முழுவதும் தபால் பிரித்தவர்களை மேற்பார்வை செய்தது யார்? பதவி வரிசையைப் பார்த்தால் விடை எளிது. ரயிலின் தபால் பெட்டிக்குள் கடிதம் பிரிக்கும் சார்ட்டர்கள், அவர்களுக்கு மேல் ஹெட் சார்ட்டர். அவருக்கு மேல் ரெக்கார்டு ஆபீஸ், இன்ஸ்பெக்டர், கோட்டத்துக்கு ஒரு சூப்பரின்டெண்டென்ட். ஆனால் வண்டி கிளம்பியதும் மேலதிகாரிகள் எல்லோரும் ஊரிலேயே நின்றுவிடுவார்கள். விடியும்வரை அந்தப் பெட்டிக்குள் நடப்பது அவர்கள் கண்ணில் படாது. இருந்தும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ரயில் தபால் நம்பகமாக நடந்தது. இதற்குக் காரணம் ஆர்.எம்.எஸ். என்ற ரயில் தபால் சேவையின் மேற்பார்வை மேலிருந்து கீழே இறங்கியதைவிட, செட் எனப்படும் ஒரு பணிக்குழுவிடமிருந்து அடுத்த செட்டுக்குப் பக்கவாட்டில் நகர்ந்தது என்பதே. வாங்கிய ஒவ்வொரு பையையும் கொடுத்த ஒவ்வொரு பையையும் அடுத்தவர் சோதித்துப் பார்க்கும் நிலையில் விட்டுச்செல்வதுதான் ஹெட் சார்ட்டரின் தலையாய கடமை. ஆட்களை அதட்டி வேலை வாங்குவது அதற்குப் பிறகுதான். பெங்களூரின் தபால் வரலாறு இதை நன்றாகவே காட்டுகிறது.

ரயில் வருவதற்கு முன்பே இந்த ஊர்ப்பக்கம் தபாலுக்கு நீண்ட மரபு உண்டு. மைசூரை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட சிக்கதேவராஜ உடையார் காலத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் 'அஞ்சே' என்னும் அரசுத் தபால், ஓட்டக்காரர்களைக் கொண்டு நடந்தது. அது கடிதத்தைக் கொண்டுசேர்ப்பதோடு அரசனுக்கு ஊர்ச்செய்தி திரட்டும் கருவியாகவும் இருந்தது. பின்னர் ஹைதர் அலியும் அதை அவ்வாறே பயன்படுத்தினார். அங்கே மேற்பார்வை என்றால் கீழே நடப்பதை மேலே சொல்வது. 1809இல் ஆங்கிலேயர் கன்டோன்மென்ட் என்னும் படைக் குடியிருப்பை அமைத்த பிறகு, பழைய ஊரான பேட்டைப் பக்கம் அஞ்சேயும் கன்டோன்மென்ட் பக்கம் ஆங்கிலத் தபாலுமாக ஒரே ஊரில் இரண்டு முறைகள் இயங்கின. 1889இல் அஞ்சே பேரரசின் தபால் துறையோடு இணைந்தது. அதற்கு முன்பே, 1864 ஆகஸ்ட் 1 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு கன்டோன்மென்ட் வரை மதராஸ் ரயில்வேயின் அகலப்பாதை திறக்கப்பட்டிருந்தது. ஊர்ச்செய்தி திரட்டும் தபாலிலிருந்து, உறையின் மேல் எழுதியிருப்பதை மட்டும் படிக்கும் தபாலுக்கு ஊர் மாறியதில் இந்த ரயில் பாதைக்குப் பெரிய பங்கு உண்டு.

ரயில் வந்த உடனே ஓடும் வண்டியில் பிரிக்கும் வழக்கம் வந்துவிடவில்லை. முதலில் மூடிய பைகளை மெயில் கார்டு ஒருவர் காவலோடு கொண்டுபோனார். ஒவ்வோர் ஊரும் மற்ற ஊர்கள் அனைத்துக்கும் தனித்தனிப் பை கட்ட வேண்டியிருந்தது. பத்து ஊர்கள் என்றால் தொண்ணூறு பைகள். இருபது ஊர்கள் என்றால் முந்நூற்று எண்பது. பாதை நீள நீள இந்தக் கணக்குத் தாங்காது. இங்கிலாந்தில் 1838இலேயே, மாற்றியமைத்த குதிரைப் பெட்டி ஒன்றில் கடிதங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். இந்தியாவில் 1863 மே 1 அன்று அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையே முதல் பிரிப்புப் பிரிவு ஓடியது. பெங்களூருக்கு ரயில் வந்த அதே 1864 ஆகஸ்டில் அமெரிக்காவின் சிகாகோவிலிருந்தும் அத்தகைய வண்டி கிளம்பியது. இந்தியாவில் இந்த அமைப்புக்கு 1907இல் ரயில்வே மெயில் சர்வீஸ் என்ற பெயர் வந்தது; கோட்டங்களுக்கு எழுத்துகளைப் பெயராக இட்டார்கள். இன்றும் பெங்களூருக்கு 'கியூ', சென்னைக்கு 'எம்', திருச்சிக்கு 'டி' என்று அந்த வழக்கம் தொடர்கிறது. பை கட்டும் வேலை குறைந்தது உண்மை. ஆனால் மூடிய பை ஓடும் வண்டியில் திறந்த பையானது. திறந்த கடிதக்கட்டுகளை நள்ளிரவில், ஆடும் பெட்டியில், சிலர் கையில் விட்டபோதுதான் மேற்பார்வை என்ற கேள்வியே கூர்மையானது.

பெங்களூரு இந்தக் கேள்வியை இன்னும் சிக்கலாக்கியது. மதராஸ் பக்கமிருந்து வந்தது அகலப்பாதை. 1880களிலும் 1890களிலும் மைசூர், தும்கூர், ஹூப்ளி, குண்டக்கல் பக்கங்களிலிருந்து வந்தவை மீட்டர் கேஜ் பாதைகள். ஒரு பாதையின் பெட்டி மற்றதில் ஓடாது. எனவே பெங்களூரைக் கடக்கும் ஒவ்வொரு பையும் இறக்கி ஏற்றப்பட்டது. ஒவ்வோர் இறக்கலும் ஒரு கைமாற்றம். கிழக்கே கிளம்பும் இரவு வண்டியிலோ பிரிப்பு வேலை நிலையங்களோடு போட்டி போட்டது. சேலம், ஈரோடு, கோவை, மலபார் கடிதங்கள் சுமார் 145 கிலோமீட்டரில் வரும் ஜோலார்பேட்டைக்குள் பிரித்துக் கட்டி முடிந்திருக்க வேண்டும். வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கடிதங்களுக்குக் காட்பாடி எல்லை. பம்பாய்ப் பாதைக்கு அரக்கோணம். நடுவே பவுரிங்பேட்டை என்னும் பங்காருபேட்டையிலிருந்து 1894இல் மாரிகுப்பத்துக்குக் கிளைப்பாதை போன பிறகு, கோலார் தங்கவயலின் தபாலும் சேர்ந்தது. தங்கவயலில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். கன்டோன்மென்ட்டில் தமிழ், உருது, ஆங்கிலம். பேட்டையில் கன்னடம், தெலுங்கு, மராத்தி. இத்தனை எழுத்துகளில் முகவரி வரும் ஒரு பெட்டியில், எந்தக் கட்டை யாரிடம் கொடுப்பது, எது முதலில் முடிய வேண்டும் என்று வேலையைப் பங்கிடுவதே ஹெட் சார்ட்டரின் முதல் தீர்ப்பு. அதில் தவறினால் சேலத்துக் கடிதம் சென்னை பார்த்துவிட்டுத்தான் திரும்பி வரும்.

இனி அவருடைய மற்றக் கடமைகளைப் பார்ப்போம். வண்டி கிளம்பும் முன் ரெக்கார்டு ஆபீசில் படிவங்கள், முத்திரைகள், பிரிப்புப் பட்டியல், அதற்கு வந்திருக்கும் திருத்தச் சீட்டுகள் ஆகியவற்றைப் பெற வேண்டும். ரயில் நேரம் மாறினால் கடிதத்தின் வழியும் மாறும் என்பதால் அந்தத் திருத்தச் சீட்டு மிக முக்கியம். பைகளை வாங்கும்போது அவற்றின் பட்டியலான மெயில் லிஸ்ட்டோடு எண்ணிக்கையை ஒப்பிட்டு, லேபிளும் அரக்கு முத்திரையும் சரியா என்று பார்க்க வேண்டும். பையைத் திறக்கும்போது முத்திரை உடையாதபடி கயிற்றை ஓரிடத்தில் மட்டும் அறுக்க வேண்டும். உள்ளே ஏதாவது குறைந்தால் கயிறு, முத்திரை, லேபிள் மூன்றும் சாட்சி. காலியான பையை உதறிப் பார்க்க வேண்டும். பதிவுத் தபாலையும் காப்பீட்டுத் தபாலையும் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையொப்பம் வாங்க வேண்டும். தவறான பையில் வந்த கடிதம், பழுதான முத்திரை, தாமதமான வண்டி, வராத ஆள் என்று எல்லாமே தவறுகளைக் குறிக்கும் எரர் புக்கிலோ அன்றைய ரிப்போர்ட்டிலோ ஏற வேண்டும். முடிவில் தட்டுகளின் கட்டங்களிலும் தரையிலும் எதுவும் தங்கவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் பெட்டியை விட்டு இறங்கலாம்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை தன் ஆட்களைக் கண்காணிக்கும் வேலைகள் அல்ல. முந்தைய செட் அனுப்பியதைச் சோதிப்பதும், அடுத்த செட் சோதிப்பதற்குத் தயாராக வைப்பதும்தான் இவற்றின் சாரம். பெங்களூரில் தவறாகப் போட்ட கடிதம் ஜோலார்பேட்டைக்கு அப்பால் வேறொரு கோட்டத்தின் பையில் வெளிப்படும். அதைக் கண்டவர் குறித்துவைப்பார். அந்தக் குறிப்பின் நகல், தவறு செய்த செட்டின் அலுவலகத்துக்குத் திரும்பி வரும். எந்த செட் என்று எப்படித் தெரியும்? ஆர்.எம்.எஸ். முத்திரைகளில் கோட்டத்தின் எழுத்து, பிரிவின் எண், போகும் வண்டியா திரும்பும் வண்டியா என்பது, செட்டின் எண், தேதி ஆகியவை இருந்தன. கட்டுக்கும் பைக்கும் மேலிருந்த சீட்டிலும் அதே முத்திரை விழுந்தது. யார் கையிலிருந்து எந்த இரவில் எந்தத் திசையில் வந்தது என்பதை அந்தச் சிறிய வட்டம் சொல்லிவிடும். ஆக, ஹெட் சார்ட்டரை மேற்பார்வை செய்தவர், அவருக்கு அடுத்து அந்தப் பையைத் திறந்த இன்னொரு ஹெட் சார்ட்டர். இருவரும் ஒரே நிலை ஊழியர்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கூட இருக்கமாட்டார்கள்.

இன்ஸ்பெக்டர்களும் சூப்பரின்டெண்டென்ட்களும் இருந்தார்களே, அவர்களைத் தள்ளிவைத்துப் பேசுவது சரியா என்று கேட்கலாம். அவர்கள் தேவையற்றவர்கள் அல்லர். திடீர்ச் சோதனைக்கு வந்தார்கள், புகாரை விசாரித்தார்கள், தண்டனை கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் கையிலெடுத்த சான்று எங்கிருந்து வந்தது? அடுத்த செட் எழுதிய குறிப்பிலிருந்து. அதிகாரியின் சோதனை எப்போதோ ஒருமுறை. அடுத்த கையின் சோதனை ஒவ்வோர் இரவும். இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது: நீ என் தவறைக் காணாதே, நான் உன் தவறைக் காணவில்லை என்று இரண்டு செட்கள் சமாதானமாகிவிட்டால்? அது நடக்க முடியாததல்ல. ஆனால் கடிதம் இரண்டு கைகளோடு நிற்பதில்லை. தவறைக் கண்டும் எழுதாமல் விட்டவர், மூன்றாவது கையில் அது வெளிப்படும்போது தானே தவறு செய்தவராகக் கணக்கில் வருவார். பக்கத்து செட்டைக் காப்பாற்றும் விலை தன் தலையில் விழும் என்பதே அந்த உடன்பாட்டுக்கு எதிரான பாதுகாப்பு.

இதெல்லாம் காலனிய அரசின் அவநம்பிக்கை, ஊழியரைத் திருடனாகக் கருதி எழுதிய விதிகள் என்பது மற்றொரு வாதம். அதில் உண்மை உண்டு. 1898ஆம் ஆண்டு தபால் சட்டம், கடிதத்தைத் திருடும் அல்லது அழிக்கும் தபால் ஊழியருக்கு ஏழு ஆண்டுவரை சிறை என்றது. இரவு வேலை, வெக்கை, குறைந்த சம்பளம் ஆகியவற்றோடு எழுத்துமூலக் குற்றச்சாட்டும் சேர்ந்து ஊழியரை நெருக்கியது. 1946 ஜூலை 11 அன்று தொடங்கி நாடு முழுவதும் பரவிய தபால் வேலைநிறுத்தத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட நெடுநாள் மனக்குறைகள் இருந்தன. விதிகளின் நோக்கம் கருணை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நோக்கம் ஒன்றாகவும் விளைவு இரண்டாகவும் இருக்கலாம். தண்டிப்பதற்காக எழுதிய அதே தாள், தவறு செய்யாதவனைக் காப்பாற்றவும் செய்தது. பை தன்னிடம் வரும்போதே முத்திரை பழுதாக இருந்தது என்று உரிய நேரத்தில் எழுதிவைத்த சார்ட்டர் மீது யாரும் பழி போட முடியாது. அந்தக் குறிப்பை அவர் எழுதினாரா என்று பார்ப்பது ஹெட் சார்ட்டரின் பொறுப்பு. அந்த வகையில் அவர் அதிகாரத்தின் காவலராக மட்டும் இருக்கவில்லை. தன் செட்டின் வழக்கறிஞராகவும் இருந்தார்.

இந்த அமைப்புக்கு ஓர் உண்மையான எல்லை உண்டு. அதை மறைக்கக் கூடாது. பட்டியலில் ஏறியவை பைகளும் பதிவுத் தபாலும்தான். சாதாரண அஞ்சலட்டையும் உறையும் எந்தத் தாளிலும் எண்ணப்படவில்லை. அவற்றில் ஒன்று தொலைந்தால் எந்த செட் என்று காட்டுவதற்கு எதுவும் இல்லை. கோடிக்கணக்கான ஏழைகளின் கடிதங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. அங்கே காகிதம் கைவிட்ட இடத்தை ஹெட் சார்ட்டரின் கண்ணும் செட்டின் நாணயமும்தான் நிரப்ப வேண்டியிருந்தது. பக்கவாட்டு மேற்பார்வையே போதும் என்று வாதிட்டால் இங்கே சறுக்கும். அது முதுகெலும்பு, உடல் முழுவதும் அதுவே அல்ல.

இன்று இதற்கெல்லாம் தேவை இருக்கிறதா? 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. பெங்களூரின் 560 போல, அதன் முதல் மூன்று இலக்கங்கள் எந்தப் பிரிப்பு மாவட்டத்துக்குக் கடிதம் போக வேண்டும் என்று சொல்லிவிடுகின்றன. சார்ட்டரின் நினைவாற்றலில் இருந்த வரைபடம் ஆறு இலக்கங்களில் அடங்கியது. 1980களில் ஓடும் வண்டியில் பிரிப்பது படிப்படியாக நின்று, வேலை நிலையான அலுவலகங்களுக்கு வந்தது. இப்போது பார்கோடு ஒவ்வொரு கைமாற்றத்தையும் பதிவுசெய்கிறது. 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபாலே ஸ்பீடு போஸ்ட்டில் கலந்துவிட்டது. மேற்பார்வையாளர் பழைய கதை என்று சொல்லத் தோன்றும். ஆனால் வாங்கியதை வாங்கினேன் என்றும் கொடுத்ததைக் கொடுத்தேன் என்றும் பதிவது பழைய மெயில் லிஸ்ட்டின் கொள்கையேதான். கருவி மாறியது, கொள்கை மாறவில்லை. பார்கோடு சொல்லாத ஒன்றும் உண்டு. பை எந்த நிலையில் வந்தது, எது ஏன் தாமதமானது என்று பார்த்து, தன் பெயரில் எழுதி, அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை நீக்கிவிட்ட அமைப்புகளில், பொருள் 'வழியில் உள்ளது' என்ற செய்தி நாள்கணக்கில் மாறாமல் நிற்பதை நுகர்வோர் அறிவார்கள்.

எரர் புக்குகளையும் ரிப்போர்ட்டுகளையும் குறிப்பிட்ட காலம் வைத்திருந்துவிட்டு அழிப்பதே துறையின் வழக்கம். அதனால் இந்தத் தொழிலின் வரலாற்றுக்குப் பெரும்பாலும் மிஞ்சியிருப்பது கடித உறைகளில் விழுந்த முத்திரைகள்தான். பெங்களூரிலும் தங்கவயலிலும் ஜோலார்பேட்டையிலும் பழைய கடிதக்கட்டுகளை வைத்திருக்கும் குடும்பங்கள் அவற்றை எடைக்குப் போடும் முன் ஒருமுறை உறையின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஆர்.எம்.எஸ். என்ற எழுத்தும் செட் எண்ணும் தேதியும் தெரிந்தால், அது ஓர் இரவின் பொறுப்பு யாருடையது என்பதற்கான ஆவணம். அதைப் பாதுகாத்து வையுங்கள்.