உயிர் தப்பியோர் வரலாறு: பசறைத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

பெருந்தோட்டத் தொழிலாளரின் சுகாதார வரலாறு பெரும்பாலும் இறப்பின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கண்டிச் சீமைக்கு நடந்து வந்தோர் வழியில் மாண்டமையும், லயங்களில் சிசுக்கள் மடிந்தமையும் அதில் இடம்பெறுகின்றன. கொடிய நோயொன்றினின்று தப்பிய குழந்தை வளர்ந்து ஆளானபின் எவ்வாறு வாழ்ந்தது என்னும் வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகின்றது. குழந்தைப் பருவத்தில் மூளைக் கட்டிக்கு ஆளாகி உயிர் தப்பியோரை முன்னிறுத்தி, நமுனுகுல மலையை அண்டிய பசறைத் தோட்டங்களிலிருந்து அவ்வினாவை நாம் நோக்க முற்படுகின்றோம்.

தோட்ட வைத்தியம் கருணையிற் பிறந்ததன்று. 1872இன் வைத்தியத் தேவைகள் சட்டமும் 1912இன் சட்டங்களும் உழைப்பாளர் படையின் இழப்பைத் தடுக்கும் நோக்கிற் பிறந்தவை. 1916இல் றொக்பெல்லர் நிறுவனம் இங்கு தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்துக்கும் உழைப்பாளரின் வேலைத்திறனே ஒரு முக்கிய நியாயமாக எடுத்துரைக்கப்பட்டது. 1927இன் குறைந்தபட்ச வேதனச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என மூவகைக் கூலியை வகுத்தது. குழந்தையும் கூலிப் பட்டியலில் ஓர் இனமாயிற்று! இவ்வமைப்பு ஆளை இருவகையாகவே அறிந்தது: வேலைக்கு ஆகுபவர், ஆகாதவர்.

மூளைக் கட்டியினின்று தப்பியோர் இவ்விரு வகையினுள்ளும் எளிதில் அடங்குவதில்லை. சிறுமூளையில் தோன்றும் மெடுலோபிளாஸ்டோமாவுக்கு 1925இல் பெய்லியும் குஷிங்கும் பெயரிட்டனர். அறுவைச் சிகிச்சை மட்டும் பெற்ற பிள்ளைகளுட் பெரும்பாலோர் அன்று பிழைக்கவில்லை. மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் ஒருங்கே கதிரூட்டினால் நீண்டகாலம் பிழைக்கக்கூடும் என்பதை 1953இல் மான்செஸ்டரின் பற்றர்சனும் ஃபாரும் காட்டினர். ஆயின் வளரும் மூளை அக்கதிருக்கு விலை கொடுக்கின்றது. கபச் சுரப்பி தளர்வதால் உடல் வளர்ச்சி குன்றுகின்றது. தைரொயிட் சுரப்பி சோர்கின்றது. சில மருந்துகள் செவிப்புலனைத் தாக்குகின்றன. நினைவும் செயல்வேகமும் மந்தமடைகின்றன. ஓராண்டில் அன்று, ஆண்டுக்காண்டு சிறுகச் சிறுக. பல்லாண்டு கழிந்து பக்கவாதமும் புதிய கட்டியும் தோன்றக்கூடும். எனவே சிகிச்சை முடிந்த நாளில் நோயின் வரலாறு முடிவதில்லை.

வட அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஒரு பேராய்வு, 1970 முதல் 1986 வரை புற்றுநோய் கண்டு ஐந்தாண்டாவது பிழைத்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. அவர்களுள் மூளைக் கட்டியினின்று தப்பியோரே கல்வியிலும் தொழிலிலும் திருமணத்திலும் தனித்து வாழ்வதிலும் மிகப் பின்தங்கினர் என அது கண்டது. அதே ஆண்டுகள் ஊவாவுக்கு எவ்வாறு கழிந்தன? 1948இன் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களை 1964இன் ஒப்பந்தம் இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாற் பங்கிட்டது. 1973-74இன் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மரணம் சடுதியாக உயர்ந்தது. ஆங்கு அப்பிள்ளைகள் நோய் கண்டு உயிர் தப்பிய ஆண்டுகளில், ஈங்கு குடும்பங்களே கப்பலேறிக்கொண்டிருந்தன.

இன்று குடியுரிமைச் சிக்கல் 2003இன் சட்டத்தோடு பெருமளவு தீர்ந்துள்ளது. தோட்டத்தின் உழைப்பு முறையோ அத்துணை மாறவில்லை. குறித்த கிலோ கொழுந்து எடுக்காதவருக்கு அரைப்பேர். கை மெதுவாக இயங்குபவருக்கும், செங்குத்தான மலையில் நிலைகுலைபவருக்கும் இவ்வளவுகோல் என்ன தீர்ப்பு வழங்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பட்டணத்தில் எழுதுவினைஞராகக்கூடிய ஒருவரின் மந்தம் அலுவலகத்திற் பொறுக்கப்படலாம். மலையில் அது தராசில் ஏறுகின்றது. லயக் காம்பிராவும் தோட்ட வேலையோடு பிணைந்தே இருந்து வந்துள்ளமையால், உழைக்க இயலாதவர் குடும்பத்தாரின் கூலியிலும் கூரையிலும் தங்கி நிற்கின்றார். பெண்ணாயின் திருமணப் பேச்சில் ‘தலையில் ஒப்பரேஷன்’ என்ற ஒரு சொல்லே போதும்.

தொடர் பரிசோதனைக்கும் இதே கதிதான். மகரகமைக்குச் செல்ல, பசறையிலிருந்து பதுளைக்கு இறங்கி, 1924இல் அங்கு வந்த புகையிரதத்திலோ பஸ்ஸிலோ நாட்டின் மறுகோடிக்குப் பயணிக்க வேண்டும். நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் பேர் விழாது. வலி இல்லாத உடலுக்காக இரு கூலியை யார் இழப்பர்? ஹோர்மோன் குறைபாடோ வலியின்றியே வளர்வது.

இவ்வரலாற்றை எழுத விழைவோர் வைத்தியசாலைப் பதிவேட்டோடு தோட்டத்துச் செக்றோலையும் வைத்துப் படித்தல் வேண்டும். முன்னதில் ‘சிகிச்சை முடிந்தது’ என்ற குறிப்போடு ஒருவர் மறைகின்றார். பின்னதில் அவர் பத்தாண்டின் பின் மீண்டும் தோன்றக்கூடும், பெயருக்கு எதிரே அரைப்பேர்களாக. காரணம் எழுத அதில் நிரல் இல்லை.