குறைமாதக் குழந்தைப் பராமரிப்பும் குடும்பமும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. குறைமாதத்திற் பிறந்த குழந்தைகளின் பராமரிப்பு வரலாறும் இதற்கு விலக்கன்று. வெப்பப் பெட்டி, ஒட்சிசன், செயற்கைச் சுவாசப் பொறி என வளர்ந்து சென்ற சாதனங்களின் வரிசையே அதன் வரலாறாகக் கொள்ளப்படுகின்றது. ஆயின், குழந்தை பெட்டிக்குள்ளே கிடந்த வேளையில் அதனைப் பெற்றவள் எங்கே நின்றாள் என்ற வினாவை எழுப்புமிடத்து, அவ்வரலாறு வேறொரு வடிவம் பெறுகின்றது. தொடக்கத்தில் அவள் அருகிலிருந்தாள். பின்னர் அறிவியலின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்டாள். இறுதியில் அதே அறிவியலின் பெயரால் மீண்டும் உள்ளே அழைக்கப்பட்டாள். இம்மாற்றங்கள் நிகழ்ந்த முறையினையும் அவற்றுக்கான காரணங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருக்காலம் 37 வாரங்கள் நிறைவுறுமுன் பிறக்கும் குழந்தையே இன்று குறைமாதக் குழந்தை எனப்படுகின்றது. உலகிற் பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்று இவ்வகையினது. 2020ஆம் ஆண்டில் இவ்வாறு பிறந்தோர் தொகை 1 கோடியே 34 இலட்சம் என மதிப்பிடப்பட்டுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இத்தகைய குழந்தைகளுக்கு வீடே வைத்தியசாலையாகவும் தாயும் பாட்டியுமே தாதியராகவும் இருந்தனர். கம்பளியிற் சுற்றுதல், அடுப்பருகே கிடத்துதல், துளித்துளியாகப் பாலூட்டுதல் என்பனவே அவர்கள் அறிந்த வைத்தியம். பிழைத்தவை சில, இறந்தவை பல. அவ்விறப்பை விதியென ஏற்பதன்றி வேறு வழி இருக்கவில்லை.

இந்நிலையிற் பெருமாற்றத்தைத் தோற்றுவித்தது பிரான்சு நாடாகும். 1870-71இற் பிரசியாவுடன் நிகழ்ந்த போரில் அந்நாடு தோல்வியுற்றிருந்தது. பிறப்பு வீதமும் குன்றியிருந்தது. ஒவ்வொரு குழந்தையும் நாட்டின் செல்வம் என்ற எண்ணம் அங்கு வலுப்பெற்றிருந்தது. பாரிசு நகரின் மகப்பேற்று வைத்தியசாலையிற் பணியாற்றிய ஸ்தெபான் தார்னியே என்னும் மருத்துவர், விலங்குக் காட்சிச்சாலையிற் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிகளைக் கண்டு, அவை போன்றதொரு பெட்டியினைக் குழந்தைகளுக்கென அமைப்பித்தார். 1880ஆம் ஆண்டளவில் அது பயன்பாட்டுக்கு வந்தது. அவருடைய உதவியாளரான ஓவார் 1883இல் வெளியிட்ட கணக்கின்படி, 2000 கிராமுக்குக் குறைந்த நிறையுடைய குழந்தைகளுள் முன்னர் நூற்றுக்கு 66 இறந்தன. பெட்டி வந்தபின் அத்தொகை 38 ஆகக் குறைந்தது. வெந்நீரின் வெப்பத்தால் இயங்கிய எளிய மரப்பெட்டியொன்று இதனைச் சாதித்தது என்பது மனங்கொளத்தக்கது.

தார்னியேயின் மாணவரான பியேர் புடான், ஆசிரியர் காணாத ஒன்றைக் கண்டார். பெட்டியிற் குழந்தை பிழைத்தெழுந்தபோதும், நெடுநாள் பிரிந்திருந்த தாய்மாருட் சிலர் அதன்மீது பற்றிழந்து அதனைக் கைவிட்டுச் செல்வதை அவர் அவதானித்தார். ஆதலின், குழந்தையைப் பார்க்கத்தக்க கண்ணாடிப் பெட்டியை அவர் விரும்பினார். தாய்மார் அருகிருந்து பாலூட்டுதலை வற்புறுத்தினார். பால் வற்றாதிருக்கும் பொருட்டு, நிறைமாதக் குழந்தையொன்றுக்கும் பாலூட்டுமாறு அவர்களுக்கு அறிவுரை பகர்ந்தார். 1900இல் வெளிவந்த அவரது நூலில் இக்கருத்துகள் இடம்பெற்றுள்ளன. குழந்தையின் உயிரைக் காத்தல் ஒன்று, அதற்கொரு தாயைக் காத்துக் கொடுத்தல் மற்றொன்று என்ற தெளிவு, இத்துறையின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது எனலாம்.

ஆயினும் இத்துறை புடான் காட்டிய வழியிற் செல்லவில்லை. பெட்டி மக்களிடையே பரவியது காட்சிப் பொருளாகவே ஆகும். 1896இற் பேர்லின் பொருட்காட்சியில் உயிருள்ள குழந்தைகளோடு பெட்டிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அக்காட்சியோடு தொடர்புற்ற மாட்டின் கூணி என்பார் மறுவாண்டில் இலண்டனிலும், பின்னர் ஐக்கிய அமெரிக்காவிலும் இதனை நடத்தினார். 1903 முதல் 1943 வரை நியூயோர்க்கின் கோணித் தீவுக் களியாட்டத் திடலில் இக்காட்சி ஆண்டுதோறும் இடம்பெற்றது. பார்வையாளர் 25 சதம் செலுத்தி நுழைந்தனர். பெற்றோரிடம் ஒரு சதமேனும் பெறப்படவில்லை. கூணி மருத்துவப் பட்டம் பெற்றவர் என்பதற்குச் சான்று கிடைத்திலது. எனினும், வைத்தியசாலைகள் கைவிட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகள் அவரிடம் பிழைத்தன. அங்கே தாய் இலவச அனுமதி பெற்ற பார்வையாளருள் ஒருத்தி மட்டுமே. குழந்தையைப் பேணும் பணியில் அவளுக்குப் பங்கில்லை. உடல்தேறிய பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டு செல்லுமாறு சில பெற்றோரை இணங்க வைப்பது எளிதாயிருக்கவில்லை என்றும் கூறப்படுகின்றது. புடான் அஞ்சியது இங்கு மெய்யாயிற்று.

களியாட்டத் திடலிலிருந்து வைத்தியசாலைக்கு இத்துறையை மீட்டவர்களுட் சிக்காக்கோவின் யூலியசு ஹெஸ் முதன்மையானவர். 1922இல் அவர் குறைமாதக் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவொன்றை நிறுவினார். தலைமைத் தாதியான எவலின் லண்டீன் வகுத்த கடும் ஒழுங்குகள் அதன் உயிர்நாடியாயின. கைகழுவுதல், மேலங்கி அணிதல், குழந்தையை இயன்றவரை தொடாதிருத்தல், வெளியாரை விலக்குதல் என்பன அவ்வொழுங்குகள். நோய்க்கிருமியை அழிக்கவல்ல மருந்துகள் இல்லாத அக்காலத்தில், ஒரு தடிமனே ஒரு கூடத்துக் குழந்தைகள் அனைத்தையும் கொன்றுவிடக்கூடியதாயிருந்தது. எனவே இவ்விலக்கு கொடுமையாற் பிறந்ததன்று. குழந்தையைக் காக்கும் அக்கறையாற் பிறந்தது. ஆனால் அதன் விளைவு யாது? கறந்தெடுத்த தாய்ப்பால் உள்ளே சென்றது. தாய் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில், தன் குழந்தையைத் தொடாமலே அவள் வீடு சென்று மீண்டாள். இம்முறை வேறு நாடுகளிலும் வழக்காயிற்று.

விலக்கியோரின் அறிவும் குறையற்றதாய் இருக்கவில்லை. 1940களில் ஒட்சிசன் தாராளமாக வழங்கப்பட்டது. அது நன்மையே செய்யும் என எல்லோரும் நம்பினர். 1942இற் பொஸ்ரன் நகரில் தெரி என்னும் மருத்துவர் இக்குழந்தைகளிற் காணப்பட்ட புதியதொரு குருட்டு நோயை விவரித்தார். மிகை ஒட்சிசனே அதன் காரணமாகலாம் என 1951இல் மெல்போணின் கேற் கம்பெல் சுட்டினார். 1953-54இல் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த கூட்டாய்வு அதனை உறுதிப்படுத்தியது. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையிழந்திருந்தனர். கண்ணாடிக்கு வெளியே நம்பிக்கையோடு காத்திருந்த குடும்பங்கள் பெற்ற பரிசு இது.

பிரிவு ஏழையர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. 1963 ஆகத்து 7ஆந் திகதி அமெரிக்கச் சனாதிபதி கெனடியின் மகன் பற்றிக், ஐந்தரை வாரங்கள் முந்தி, ஏறத்தாழ 2.1 கிலோகிராம் நிறையுடன் பிறந்தான். சுவாச இடருக்கு ஆளான அவனைப் பொஸ்ரன் நகருக்குக் கொண்டு சென்றனர். தாய் பேறு நிகழ்ந்த வைத்தியசாலையிலேயே கிடந்தார். 9ஆந் திகதி குழந்தை இறந்தது. அடக்கத்திலும் தாய் பங்குகொள்ள இயலவில்லை. நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாது காக்கும் பொருளொன்றின் குறைபாடே இந்நோயின் காரணம் என 1959இல் மேரி எலன் ஏவரி, மீட் ஆகியோர் கண்டிருந்தனர். ஆயினும் அப்பொருளைக் குழந்தைக்கு வழங்கும் முறையின் வெற்றி, யப்பானிய மருத்துவர் புஜிவாராவினால் 1980இலேயே வெளியிடப்பட்டது. நாட்டின் தலைவருக்கும் அந்நாளில் வேறு வழியிருக்கவில்லை.

1960இல் யேல் பல்கலைக்கழகத்து லூயி குளக், புதிதாய்ப் பிறந்தோருக்கான தீவிர சிகிச்சைப் பிரிவை அமைத்தார். கைகழுவுதலே தொற்றைத் தடுக்கும் முதன்மைக் காவல் என்பது தெளிவாகத் தெளிவாக, தாயை விலக்குவதற்கான நியாயம் வலுவிழந்தது. இவ்வையத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தினர். தாய்மாரை உள்ளே விட்டுக் குழந்தையைத் தொடவும் பேணவும் இடமளித்தனர். தொற்று அதிகரிக்கவில்லை என்பது 1970இல் வெளியான அவர்களது ஆய்வினாற் புலனாயிற்று. அரைநூற்றாண்டாய் நின்ற தடையொன்று, சோதனைக்கு உட்பட்டவுடன் ஆதாரமற்றதாயிற்று.

அவ்வாய்வினருள் ஒருவரான மாஷல் கிளவுசும் அவருடைய நண்பர் ஜோன் கெனலும் 1976இல் வெளியிட்ட நூல், தாய்சேய்ப் பிணைப்புப் பற்றிய கருத்தை உலகெங்கும் பரப்பியது. பிறப்பையடுத்த சில மணிநேரமே பிணைப்புக்கு உரிய காலம் என அவர்கள் கருதியது மிகைபடக் கூறலென்று பின்வந்த ஆய்வாளர் கண்டித்தனர். அக்கண்டனம் நியாயமானதே. அவ்வேளையைத் தவறவிட்ட தாய் என்றென்றும் குறையுள்ளவள் என்ற எண்ணம், நோயுற்ற குழந்தையைப் பெற்றவள்மீது மற்றொரு பாரத்தையே ஏற்றும். எனினும் வைத்தியசாலைக் கதவுகளைத் திறந்ததில் அந்நூலுக்குரிய பங்கை மறுத்தல் இயலாது.

கதவு திறந்தபின் பெற்றோர் கண்டவை சில மருத்துவத்தையே மாற்றின. குறைமாதக் குழந்தைக்கு நோவு தெரியாது என்ற எண்ணம் 1980களிலும் நிலவியது. 1985இல் அமெரிக்காவிற் பிறந்த குழந்தையொன்று, நோவு தெரியாதிருக்க மருந்தின்றி, உடலை அசையாது நிறுத்தும் மருந்து மட்டும் ஏற்றப்பட்டு இருதய சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டது. குழந்தை இறந்தபின் இவ்வுண்மையை அறிந்த தாய், அதனைப் பொதுமக்கள் முன் வைத்தார். 1987இல் ஒக்ஸ்போட்டில் ஆனந்தும் அவரோடொத்தாரும் வெளியிட்ட ஆய்வு, நோவடக்கும் மருந்து பெற்ற குழந்தைகளே சத்திரசிகிச்சையின் பின் நன்கு தேறின எனக் காட்டியது. 1992இற் பேர்லிங்ரன் நகரில் பெற்றோரும் மருத்துவரும் ஒருங்கு கூடினர். அதன் விளைவாக, குடும்பத்தை நடுவாகக் கொண்ட பராமரிப்புக்கான கோட்பாடுகளை, தாமும் குறைமாதக் குழந்தையொன்றின் தாயான ஹெலன் ஹரிசன் 1993இல் வெளியிட்டார். உண்மையை மறையாது உரைத்தல், நோவைத் தணித்தல், முடிவுகளிற் பெற்றோருக்குப் பங்களித்தல் என்பன அவற்றுட் சில.

செல்வ நாடுகள் இவ்வாறு படிப்படியாக இறங்கிவந்த இடத்துக்கு, வறிய நாடொன்று வறுமையின் வழியாகவே வந்து சேர்ந்தது. கொலம்பியாவின் தலைநகரான பொகோற்றாவில், ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்தவேண்டிய நெருக்கடி இருந்தது. தொற்றும் பெருகியது, கைவிடப்பட்ட குழந்தைகளும் பெருகின. 1978இல் எட்கார் ரே என்னும் மருத்துவரும், அவரோடு எக்தோர் மாத்தினெசும், குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு நிமிர்த்திக் கட்டி, தாய்ப்பாலே ஊட்டச் செய்தனர். பையிற் குட்டியைச் சுமக்கும் விலங்கை ஒத்தமையின் இது கங்காரு முறை எனப் பெயர்பெற்றது. தாய் களைத்தவிடத்துத் தந்தையும் பாட்டியும் அவ்விடத்தை ஏற்றனர். ஏறத்தாழ அதே காலத்தில், அன்று சோவியத் ஒன்றியத்திலிருந்த எசுத்தோனியாவின் தாலின் நகரில், அடிக் லெவின் என்பவர் தாதியர் பற்றாக்குறையால் தாய்மாரையே முழுநேரப் பராமரிப்பாளராக்கினார். தாதியர் ஆசிரியராயினர். இம்முறையைத் தழுவிய திட்டமொன்று கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் 26 பிரிவுகளில் ஆராயப்பட்டது. 2018இல் வெளியான முடிவின்படி, அக்குழந்தைகளின் நிறை நன்கு கூடியது. பெற்றோரின் மனவழுத்தமும் தணிந்தது.

கங்காரு முறை ஏழைகளுக்குரிய மாற்றுவழி என்ற எண்ணமும் நெடுநாள் நிலைக்கவில்லை. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து வைத்தியசாலைகளில், 1 கிலோகிராமுக்கும் 1.8 கிலோகிராமுக்கும் இடைப்பட்ட நிறையுடைய குழந்தைகளிடையே நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. நிலை சீரடையும் வரை காத்திராது, பிறந்தவுடனேயே தாயின் மார்பிற் சேர்க்கப்பட்ட குழந்தைகளுள் 28 நாட்களுக்குள் நூற்றுக்கு 12 இறந்தன. சீரடைந்தபின் சேர்க்கப்பட்டவற்றுள் இத்தொகை 15.7 ஆகும். இவ்வேறுபாடு கண்டு ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2022இல் உலக சுகாதார நிறுவனமும் பிறந்தவுடன் இம்முறையைத் தொடங்குமாறு பரிந்துரைத்தது.

பெற்ற உரிமை மீள இழக்கப்படவும் கூடும். 2020இற் கொரோனாத் தொற்றுப் பரவியபோது, பல நாடுகளிற் பெற்றோர் மீண்டும் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். ஹெஸ் காலத்து அதே அச்சம், அதே விலக்கு. அச்சம் இயல்பானது, ஆனால் அதனைச் சோதித்தறியும் முன்னரே முதலில் வெளியேற்றப்படுபவள் தாயாயிருத்தலே வரலாறு உணர்த்தும் செய்தியாகும்.

பெறுதல் வேறு, புறந்தருதல் வேறு. இயந்திரம் வந்த காலத்தில் புறந்தரும் பணி முழுவதையும் வைத்தியசாலை தன்னதாக்கிக்கொண்டது. அதனாற் பல்லாயிரம் உயிர்கள் காக்கப்பட்டன என்பதை எவரும் மறுக்கவியலாது. ஆயின் வைத்தியசாலை சில வாரங்களே பேணுகின்றது. எஞ்சிய ஆண்டுகள் யாவும் குடும்பத்துக்குரியன. 2021ஆம் ஆண்டின் ஆய்வு நிகழ்ந்த இடங்களிற் செய்யப்பட்ட முதன்மையான மாற்றம், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் ஒரு கட்டில் இடப்பட்டமையாகும். ஆதலின், இத்தகைய பிரிவொன்றின் தகுதியை மதிப்பிட முற்படுவோர், அங்குள்ள பொறிகளோடு தாய்மாருக்கென இடப்பட்ட கட்டில்களையும் எண்ணுதல் வேண்டும்.