குதிரையும் குண்டும்

ஆயக்குடியிலிருந்து ஒரு பெரியவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். கதை எழுதுகிறவனுக்குக் கடிதம் வருவது அதிசயமல்ல. கதாநாயகியைக் கொன்றுவிட்டீர்களே என்று அழுகிறவர்கள் உண்டு; கதையே தம் குடும்பத்தைப் பற்றியதுதான் என்று மிரட்டுகிறவர்களும் உண்டு. இந்தப் பெரியவர் அழவும் இல்லை, மிரட்டவும் இல்லை. என்னுடைய தொடர்கதை ஒன்றிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து, சிவப்பு மசியால் அடிக்கோடிட்டு அனுப்பியிருந்தார்.

"ராஜசேகரன் ரிவால்வரின் குதிரையை அழுத்தினான், குண்டு வெடித்தது, காலித் தோட்டா தரையில் உருண்டது."

கீழே அவருடைய குறிப்பு: "ஒரு வரியில் மூன்று பிழைகள். குதிரையை யாரும் அழுத்துவதில்லை. குண்டு வெடிப்பதில்லை. ரிவால்வர் காலித் தோட்டாவைத் தானாக வெளியே தள்ளுவதில்லை. பழனிக்கு வந்தால் வீட்டுக்கு வரவும்."

தமிழில் என் பிழையைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். துப்பாக்கியில் சொன்னதால் வரவில்லை. அடுத்த முறை பழனிக்குப் போனபோது, கிழக்கே சில கல் தொலைவிலுள்ள ஆயக்குடியில் இறங்கிவிட்டேன். சாலையோரம் கூடைகூடையாகக் கொய்யாப் பழம்; தெற்கே பழனி மலைத் தொடர். ஒரு காலத்தில் திண்டுக்கல் சீமையின் பாளையங்களில் ஒன்று, பிறகு ஜமீன். இப்போது கொய்யாவினால்தான் ஊர் பெயர் விளங்குகிறது.

பெரியவர் என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, உள்ளே போய்த் தகப்பனார் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்து வந்தார். குழலை மடக்கித் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று முதலில் எனக்குக் காட்டினார். பிறகுதான் பேச்சு.

"தம்பி, இதுதான் குதிரை" என்றார். குழல்களின் பின்புறத்தில், வெளியே தெரியும்படி இரண்டு இரும்புக் கொக்கிகள் தலை நிமிர்ந்து நின்றன. "இதைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தணும். கீழே இருக்கிறது விசை. விசையை அழுத்தினா, குதிரை பாய்ந்து அடிக்கும். நீங்க குதிரையை அழுத்தினதா எழுதியிருக்கீங்க. அழுத்தினா அது என்ன செய்யும்? சும்மா இருக்கும்."

அந்த உறுப்பின் சரித்திரம் சுவையானது. திரியைக் கொளுத்திச் சுட்ட காலத்திற்குப் பிறகு சக்கிமுக்கிக் கல் வைத்த துப்பாக்கி வந்தது. கல்லைக் கவ்விக்கொண்டு வளைந்து நின்ற இரும்பைப் பார்த்து இங்கிலீஷ்காரன் 'சேவல்' என்று பெயரிட்டான். இந்துஸ்தானியில் அது 'கோடா', நமக்குக் குதிரை. சேவலோ குதிரையோ, இரண்டும் அடிக்கும் உறுப்புக்கு வைத்த பெயர்கள்தாம். பின்னால் வந்த துப்பாக்கிகளில் குதிரை இரும்புப் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டது. கண்ணுக்குத் தெரிந்தது விசை ஒன்றுதான். வேலையில்லாமல் நின்ற பெயரை ஜனங்கள் அதற்குச் சூட்டிவிட்டார்கள் என்பது என் ஊகம். கதாசிரியர்கள் அதை நிலைநாட்டிவிட்டோம்.

பெயர் வழிதவறுவது இந்தத் துறையில் புதிதுமல்ல. 'துப்பாக்கி'யே தமிழல்ல. துருக்கியரின் 'துஃபெக்' உருது வழியாக இங்கே வந்து சேர்ந்தது. ஆதியில் அதற்குப் பொருள் ஊதுகுழல். 'பீரங்கி' என்பது பரங்கியர் பெயர். 1526-இல் பானிப்பட்டில் பாபர் கொண்டுவந்த பீரங்கிகளில் ஒரு வகைக்கே 'ஃபிரங்கி' என்று பெயர். ஆளின் பெயர் ஆயுதத்துக்கு வந்துவிட்டது. இந்தச் சொற்கள் திண்டுக்கல் பக்கத்துக்கு அந்நியமாக இருந்திருக்க முடியாது. 1755-இல் மைசூர் அரசின் பௌஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கேதான் ஆயுதச்சாலை அமைத்துத் தம் பீரங்கிப் படையை ஒழுங்கு செய்தார். 1792-இல் சீமை கம்பெனியார் கைக்குப் போயிற்று. பாளையக்காரர் கிளர்ச்சியில் சேர்ந்த விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801-இல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ் விட்ட பிரகடனத்தோடு தெற்குச் சீமையின் ஆயுதங்கள் போயின. பிறகு 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதன் பின் துப்பாக்கி வைத்திருப்பவன் கையில் துப்பாக்கியோடு ஒரு காகிதமும் இருந்தாக வேண்டும். 1959-இல் சுதந்திர இந்தியா புதுச் சட்டம் செய்தது. காகிதம் மாறவில்லை.

பெரியவரின் வருத்தம் அந்தக் காகிதத்தில்தான் ஆரம்பமாகிறது. ஒரு முறை உரிமத்தைப் புதுப்பித்தபோது, ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர், 'இரட்டைக்குழல் 12 போர்' என்று இருந்த இடத்தில் 'ரைபிள்' என்று எழுதிவிட்டார். எழுதியவர் துப்பாக்கி எல்லாமே ரைபிள்தான் என்று நினைத்திருக்கலாம். தோட்டாக் கடைக்காரர் உரிமத்தைப் பார்த்தார். 12 போர் தோட்டா தர மறுத்துவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. உரிமத்தில் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தால் சிறை. அப்படியானால் வீட்டில் இருப்பது எது? பெரியவர் மாதக்கணக்கில் அலைந்தார். மலையடிவாரத் தோப்பில் பன்றி இறங்கியதைக்கூட அவர் பெரிதாகச் சொல்லவில்லை. "என் அப்பா அறுபது வருஷம் ஒழுங்கா வச்சிருந்த சாமான், தம்பி. ஒரு வார்த்தையில என்னைக் கள்ளத் துப்பாக்கிக்காரனா ஆக்கிட்டாங்க" என்றார். அப்போது அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

ரைபிள் என்றால் குழலின் உட்சுவரில் திருகுபோல் வரிகள் வெட்டியிருக்கும். அந்த வரிகள் ஒற்றைக் குண்டைச் சுழலவிட்டு நேராகக் கொண்டுபோகும். பெரியவரின் துப்பாக்கிக் குழல் உள்ளே கண்ணாடிபோல் வழவழப்பு. ரவைகளைச் சிதறவிடுவதற்கு ஆனது. '12 போர்' என்றதும் பன்னிரண்டு என்ன, அங்குலமா, மில்லிமீட்டரா என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஒரு பவுண்டு ஈயத்தில் குழலின் அளவுக்குச் சரியாகப் பன்னிரண்டு உருண்டை செய்தால் அது 12 போர். பதினாறு உருண்டை செய்தால் 16 போர். ஆகவே எண் பெரிதானால் குழல் சிறிது. இது தெரியாமல் பதினாறு பெரிது என்று பந்தயம் கட்டித் தோற்ற பந்துக்கள் அவருக்கு உண்டு. ஆனால் 410 என்பது இந்தக் கணக்கில் சேராது. அது ஓர் அங்குலத்தில் ஆயிரத்துக்கு 410 பங்கு. நம் போலீஸாரிடம் இருந்த 410 'மஸ்கட்', ராணுவத்தின் 303 ரைபிளையே வரிகளைக் கடைந்தெடுத்து வழவழப்பாக்கியது. வெளியே ரைபிள், உள்ளே மஸ்கட்! பார்த்தவன் தப்பாகச் சொன்னால் அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது பிழைக்கு வருகிறேன். தோட்டா என்பது முழுப் பொட்டலம். மருந்து, அதைப் பற்றவைக்கும் கேப்பு, முன்னே குண்டு அல்லது ரவை, எல்லாம் அதற்குள் அடக்கம். குண்டு என்பது பறந்து போகும் ஈயம் மட்டும். 1857-ஐப் பற்றிப் பேசும்போது, 'பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய குண்டைப் பல்லால் கடிக்கச் சொன்னார்கள்' என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். குண்டை யார் கடிப்பார்கள்? என்ஃபீல்டுத் துப்பாக்கியின் தோட்டா அப்போது ஒரு காகிதக் குழாய். அதன் நுனியைக் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டி, குண்டு இருந்த மிச்சத்தைக் கம்பியால் இடிக்க வேண்டும். கொழுப்பு அந்தக் காகிதத்தில்தான். வாயில் படுவது காகிதம் என்பதைப் புரிந்துகொண்டால்தான் சிப்பாயின் அருவருப்பு நமக்குப் புரியும்.

மீரத்தில் நடந்தது இன்னும் துயரமானது. 1857 ஏப்ரல் 24-ஆம் தேதி, குதிரைப்படைச் சிப்பாய்கள் 90 பேருக்குத் தோட்டா நீட்டப்பட்டது. 85 பேர் தொடமாட்டோம் என்றார்கள். அவர்களுக்கு நீட்டப்பட்டவை புதிய என்ஃபீல்டுத் தோட்டாக்களே அல்ல. நெடுநாளாக அவர்கள் பழகிய பழைய வகை. ஆனால் 'தோட்டா' என்ற சொல்லே அப்போது விஷமாகிவிட்டது. எந்தத் தோட்டா என்று விளக்கிச் சொல்லி நம்பவைக்கும் வாய் அந்த அதிகாரிகளிடம் இல்லை. மே 9-ஆம் தேதி அத்தனை பேருக்கும் விலங்கு மாட்டினார்கள். மறுநாள் மீரத் எரிந்தது.

மூன்றாவது பிழையை நான் மட்டும் செய்யவில்லை என்பது ஓர் ஆறுதல். 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால். 1948 ஜனவரி 30-ஆம் தேதி காந்திஜியின் மார்பில் பாய்ந்த மூன்று குண்டுகள் இத்தாலிய பெரெட்டா பிஸ்டலிலிருந்து வந்தவை. இரண்டையும் ரிவால்வர் என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ரிவால்வரில் தோட்டாக்கள் ஒரு சுழலும் உருளையில் இருக்கும். சுட்ட பிறகும் காலிக்கூடு அதிலேயே தங்கும். பிஸ்டல் ஒவ்வொரு முறையும் கூட்டை வெளியே எறிந்துவிடும். தரையில் கூடு கிடந்தால் துப்பறிகிறவனுக்கு அது ஒரு பெரிய சாட்சி. என் ராஜசேகரன் அந்தச் சாட்சியை ரிவால்வரிலிருந்து வரவழைத்தான். அதை வைத்துத்தான் பதினெட்டாம் அத்தியாயத்தில் அவன் அகப்பட்டான்! கதையின் முடிச்சே கழன்றுவிட்டது என்று நான் சொன்னதும் பெரியவருக்குப் பரம சந்தோஷம்.

"உரிமம் கடைசியில் சரியாயிற்றா?" என்று கேட்டேன்.

"ஆச்சு. ரைபிளை அடிச்சுட்டு 12 போர்னு எழுதி முத்திரை வச்சுக் கொடுத்தாங்க. ஆனா குழல் ஒண்ணுன்னு போட்டுட்டாங்க" என்றார். துப்பாக்கியை மடக்கி, எண்ணெய்த் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு வந்து, எனக்கு ஒரு பை நிறையக் கொய்யா கொடுத்தார்.

கதை புத்தகமாக வந்தபோது ரிவால்வரைப் பிஸ்டலாக்கினேன். குண்டை வெடிக்காமல் பாயவிட்டேன். குதிரையை அடித்துவிட்டு, 'விசை' என்று தெளிவாக எழுதிக்கொடுத்தேன். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் தமிழில் வல்லவர். 'விசையை அழுத்தினான்' என்பது வழக்கில் இல்லை என்று கண்டு, மறுபடியும் குதிரையையே போட்டுவிட்டார். ஆயக்குடிக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும், இன்னும் அனுப்பவில்லை.